சம்பந்தி கை கட்டாமல் தொழுதது

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அத்தாவும் சமையலறை ஃப்ரிட்ஜும் அல்லாஹ்வின் கிருபையால் ஓடிக்கொண்டிருக்கிறோம், மூவரில் அதிகம் சத்தம் போடுவது நான்தான் என்று உன் அத்தா சொல்கிறார். நீயும் என் மருமகளும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் கேட்கிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் நாலு தடவை "சரிம்மா சரிம்மா" என்று சொல்லி வெட்டிவிடுகிறாய், காகிதத்தை அப்படி வெட்ட முடியாது. உன் மாமனாரும் மாமியாரும் நாளைக் காலை இங்கிருந்து கிளம்பி உன் வீட்டுக்குத்தான் வருகிறார்கள், அவர்கள் பையில் இதை வைத்து அனுப்புகிறேன். அவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதது நல்லதாகப் போயிற்று, மனதில் உள்ளதை மென்று முழுங்காமல் எழுதலாம். வீட்டுச் சேதி என்றால், தண்ணீர் மீட்டர் பார்க்கப் போன இடத்தில் உன் அத்தாவை நாய் துரத்தி முழங்காலில் சிராய்ப்பு, நாய்க்கு ஒன்றும் இல்லை. என் பைண்டிங் கடையில் பழைய ஜெராக்ஸ் மெஷின் ஒவ்வொரு காப்பியிலும் ஒரு கறுப்புக் கோடு போடுகிறது. கல்லூரிப் பிள்ளைகள் கடைசி நாளில் ஓடிவந்து முந்நூறு பக்கத்தை அரை மணி நேரத்தில் ஸ்பைரல் போட்டுத் தரச் சொல்கிறார்கள், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் அவர்களுக்கே தெரியவில்லை. அதை விடு, நான் சொல்ல வந்தது வேறு.

இந்தக் கடிதத்தில் பலரைத் திட்டப்போகிறேன், அதனால் என்னிடமிருந்தே தொடங்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமில்லை. நாலு மாதத்துக்கு முன்பு உன் நிக்காஹ் படங்களை அனுப்பினாயே, பள்ளிவாசல் கூடத்தின் நடுவில் அவர்கள் நாட்டு வழக்கப்படி நீயும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள், அவள் தலையில் மஞ்சள் துணியைச் சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட்டிருக்கிறாள், காதும் கழுத்தும் தெரிகிறது, பல் அத்தனையும் தெரியச் சிரிக்கிறாள், பின்னால் நிற்கும் பெண்கள் வாயில் கை வைத்துக் குலவை போடுகிறார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா. கடைக் கம்ப்யூட்டரில் உன்னை மட்டும் தனியாக வெட்டி எடுத்துப் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டினேன். மாப்பிள்ளை மட்டும் இருக்கிற கல்யாணப் படத்தை உலகத்தில் முதன்முதலில் மாட்டியவள் உன் அம்மாதான். முழுப் படத்தைப் போனில் எட்டிப் பார்த்துவிட்ட தையல்காரர் மனைவியிடம், பெண்ணுக்கு அன்றைக்கு ஜலதோஷம், அதனால்தான் துணியை அப்படிக் கட்டியிருக்கிறாள் என்று சொன்னேன். ஜலதோஷம் வந்தால் காதை மூடுவார்களா திறப்பார்களா என்று அந்தப் பெண் கேட்கவில்லை, அவளுடைய நல்ல மனசு.

உன் பெரியத்தா மட்டும் அப்படி விடுவாரா. அவருக்குப் பள்ளிவாசல் செக்ரட்டரி பதவி வந்ததிலிருந்து ஊரில் அவரை மேலிடம் என்றுதான் கூப்பிடுகிறார்கள், படைத்தவனிடமிருந்து நேராக அவருக்குத்தான் உத்தரவு வருகிறது போலவும் நாமெல்லாம் அதற்குக் கீழே வரிசையில் நிற்கிற மாதிரியும் பேசுவார். பதவி எப்படி வந்தது என்பது உனக்குத் தெரியும், தன் கடையில் விற்காமல் கிடந்த டைல்ஸைப் பள்ளிக்குப் போட்டுக் கொடுத்தார், தரையோடு சேர்த்து மார்க்கத்தையும் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டார். உன் படத்தைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் இஸ்லாமா, வெறும் நாட்டு வழக்கம், இந்த நிக்காஹ் கூடுமா கூடாதா என்று விசாரிக்க வேண்டும் என்றார். அவர் கல்லாவுக்கு மேலே கண்ணேறு படாமல் இருக்க ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறதே, கட்டம் கட்டமாக எண்கள் எழுதியது, அது மட்டும் எந்த மேலிடத்திலிருந்து வந்ததாம். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே, அதை லேமினேஷன் போட்டுக் கொடுத்ததே நான்தான். தன் வழக்கம் என்றால் மார்க்கம், அடுத்தவர் மார்க்கம் என்றால் வழக்கம், அவருடைய கணக்கு அவ்வளவுதான்.

பெண்ணைக் கொடுத்த வீட்டை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்று சம்பந்தி வீட்டார் போன செவ்வாய்க்கு முந்திய செவ்வாய்க்கிழமை வந்து இறங்கினார்கள். உனக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய், சரி. சம்பந்தி நாற்பது வருஷம் ரயில் ஓட்டிய மனுஷர், நம் வாசல்படியில் மூன்று தடவை தலையை இடித்துக்கொண்டார், மூன்று தடவையும் வாசலிடம் மன்னிப்புக் கேட்பது போல் கையை நெஞ்சில் வைத்தார். அவர் மனைவி, அந்தம்மா, என்னைவிடக் குள்ளம், வந்த மறுநாளே என்னோடு கடைக்கு வந்து, ஒரு மூலையில் மூட்டையாகக் கிடந்த ஸ்பைரல் கம்பிகளை எல்லாம் அளவு வாரியாகப் பிரித்து அடுக்கிவிட்டார். உன் அத்தாவிடம் ஆறு மாதமாகச் சொல்லி நடக்காத வேலை. பாஷை கிடையாது, போனில் அவர்கள் பேசினால் அது தமிழில் சொல்கிறது, அதுவும் துக்கச் செய்தி வாசிக்கிற குரலில். உங்கள் வீடு சர்க்கரை என்றது ஒருநாள். உன் மாமியார் சொன்னது வீடு இனிமையாக இருக்கிறது என்பதாம். ஆனால் சலாமுக்கும் பிஸ்மிக்கும் அல்ஹம்துலில்லாஹ்வுக்கும் போன் தேவைப்படவில்லை, அந்த மூன்றை வைத்துக்கொண்டே ஒரு குடும்பம் பத்து நாள் ஓட்டிவிடலாம் என்று அப்போதுதான் கண்டேன்.

முதல் வெள்ளிக்கிழமை உன் அத்தா சம்பந்தியை ஜும்ஆவுக்குக் கூட்டிப்போனார். நானும் அந்தம்மாவும் பெண்கள் அறைக்குப் போனோம். அந்த அறையைப் பற்றி உனக்குச் சொன்னதில்லை, எங்களோடு சேர்ந்து அங்கே தொழுபவை ஓடாத மின்விசிறி இரண்டு, மிச்ச டைல்ஸ் பெட்டி பதினாறு, மையித்தை அடக்கத்துக்குத் தூக்கிப்போகும் சந்தூக் ஒன்று. ஜன்னல் கம்பி வழியாக முன்வரிசை நன்றாகத் தெரியும், பின்வரிசைகளில் தொப்பிகள் மட்டும். விருந்தாளி என்று சம்பந்தியை முன்வரிசையில் மேலிடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். தக்பீர் சொன்னதும் எல்லாரும் கையைக் கட்டினார்கள், சம்பந்தி இரண்டு கையையும் தொங்கவிட்டு நேராக நின்றார். அவர்கள் சட்ட வழியான மத்ஹபில் அப்படித்தான். நம் பள்ளியிலேயே நெஞ்சில் கட்டுகிறவர் உண்டு, தொப்புளுக்கு மேலே கட்டுகிறவர் உண்டு, கீழே கட்டுகிறவர் உண்டு, உன் அத்தா தொப்பைக்குத் தாங்கலாகக் கட்டுகிறார், அதையெல்லாம் யாரும் கேட்டதில்லை. உன் பெரியத்தா ஓரக்கண்ணால் பார்த்தார், இருமினார், பிறகு தன் கையைப் பிரித்து, சம்பந்தியின் வலது கையைப் பிடித்து இடது மணிக்கட்டின் மேல் வைத்து அழுத்தினார், குழாய்க்கு வாஷர் போடுகிற மாதிரி. தன் தொழுகையை முறித்துக்கொண்டு அடுத்தவன் தொழுகையைச் சீர் செய்த ஒரே ஆள் இவராகத்தான் இருக்கும். இரண்டாவது ரக்அத்தில் சம்பந்தியின் கை மறுபடி தானாகக் கீழே இறங்கியது. மேலிடம் இந்த முறை வெடுக்கென்று பிடித்து இழுத்தார், வாட்ச் வார் அறுந்து வாட்ச் தரையில் விழுந்தது. டைல்ஸ் மேல் விழுந்த சத்தம் எங்கள் அறைவரை கேட்டது.

தொழுகை முடிந்து சம்பந்தி வலது பக்கம் சலாம் சொன்னார், இடது பக்கம் சலாம் சொன்னார், அந்த இடது பக்கம்தான் உன் பெரியத்தா. சம்பந்தி குனிந்து வாட்சை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். உன் பெரியத்தா எழுந்து மைக்கைப் பிடித்தார். "நம்ம பள்ளிக்கு வர்றவங்க ஒழுங்கா கையைக் கட்டித் தொழணும், கண்ட கண்ட ஊர்ல கத்துக்கிட்ட பழக்கத்தையெல்லாம் இங்க கொண்டு வரக் கூடாது, இது மார்க்கம், கண்காட்சி இல்ல" என்று முழங்கினார். இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு தொப்பி அசையவில்லை. தொழுகை நடத்திய ஹஜ்ரத் மிம்பர் மேடைக்குப் பக்கத்தில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார், அவர் ஏழு வருஷம் ஓதிப் பட்டம் வாங்கியது உருட்டுவதற்குத்தான் போலிருக்கிறது. சம்பந்திக்குப் பேச்சு புரியவில்லை, பள்ளிக்கு ஏதோ நிதி கேட்கிறார்கள் என்று நினைத்து மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, எழுந்து போகும்போது உண்டியலில் ஒரு நோட்டைப் போட்டார். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தை எந்தத் தண்ணீரில் ஒளு செய்தும் கழுவ முடியவில்லை. அந்தம்மா என் முழங்கையைத் தொட்டு என்ன சொல்கிறார் என்று கண்ணால் கேட்டார். மின்விசிறி ரிப்பேர் என்று மேலே கை காட்டினேன்.

உன் அத்தாவால் அதை வயிற்றில் வைத்துக்கொள்ள முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்துக்கொண்டு போய்ச் சம்பந்தி முன்னால் உட்கார்ந்து, நடந்ததை ஒவ்வொரு வரியாகச் சொன்னார், சொல்லிவிட்டுத் தன் அண்ணனுக்காக மன்னிப்புக் கேட்டார், கேட்கும்போதே அழுதுவிட்டார். அறுபது வயசில் அண்ணனுக்கு முன்னால் வாயைத் திறக்கத் தெரியாதவர் போனுக்கு முன்னால் திறக்கிறார், எனக்கு அதிலும் எரிச்சல்தான். சம்பந்தி அவர் தோளைத் தட்டிவிட்டு ஏதோ சொன்னார், போன் அதை இப்படிச் சொன்னது: நான் நாற்பது வருடம் ரயில் ஓட்டினேன், ஸ்டேஷன்காரர் சிவப்புக் கொடி காட்டினால் நிறுத்த வேண்டும், நடைமேடையில் நிற்கும் பயணி சிவப்புத் துண்டை ஆட்டினால் நிறுத்தக் கூடாது. சொல்லிவிட்டு அஸர் பாங்கு கேட்டதும் எழுந்து அதே பள்ளிக்குத்தான் போனார். உன் அத்தா செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக் கமிட்டியிலிருந்து உன் அத்தாவுக்கு ஆள் வந்தது, அஸருக்குப் பிறகு கூட்டத்துக்கு வர வேண்டுமாம். சம்பந்தி தௌபா சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், நீ ஊருக்கு வரும்போது நம் முறைப்படி மறுபடி நிக்காஹ் செய்ய வேண்டுமாம், அதுவரை ஜமாஅத் பதிவேட்டில் உன் நிக்காஹ் ஏறாதாம். பதிவேட்டில் ஏறவில்லை என்றால் என்ன என்று நீ அங்கே இருந்துகொண்டு கேட்கலாம். நாளைக்கு உங்கள் பிள்ளைக்கு ஒரு சான்றிதழ் என்றாலும் எங்கள் மையித்துக்கு ஒரு குழி என்றாலும் அந்தப் புத்தகத்தைத்தான் புரட்டுவார்கள், உன் மனைவி இந்த ஊருக்கு யாரோ ஒருத்தியாகவே இருந்துவிடுவாள். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு சாமான் ஞாபகம் வந்தது. நாலு மத்ஹபு சட்டங்களையும் தமிழில் எழுதின தடித்த கிதாபு ஒன்றைப் பள்ளி நூலகத்திலிருந்து பைண்டிங்குக்குக் கொடுத்து ஏழு வருஷம் ஆகிறது, நான் தைத்து அட்டை போட்டு வைத்தேன், இன்றுவரை யாரும் கேட்டு வரவில்லை. பசை காயும்வரை மற்றப் புத்தகங்கள் மேல் பாரம் வைக்க அதைத்தான் எடுப்பேன். அப்படி ஒரு புத்தகம் தங்களிடம் இருந்தது என்றே அவர்களுக்கு மறந்துபோயிருக்கிறது, பேச்சில் மட்டும் கிதாபு கிதாபு என்று நாக்கு அரிக்கும். தூசியைத் தட்டி, பக்கத்தைத் தேடி, ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, அஸருக்குப் பிறகு நேராகக் கமிட்டி அறைக்குப் போனேன்.

மாடியில் ஏ.சி. போட்ட அறை, ஐந்து பேர், அதில் இரண்டு பேர் ஏ.சி.க்காகவே வருகிறவர்கள். உன் அத்தா ஒரு நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மீட்டரில் நம்பர் பார்க்கிற மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிலைப்படியிலேயே நின்றுகொண்டு புத்தகத்தை நீட்டினேன். "உங்க பைண்டிங் ரெடியாயிருச்சு, ஏழு வருஷமாச்சு, யாரும் வந்து வாங்கல, அதான் நானே கொண்டாந்தேன், ஸ்டிக்கர் ஒட்டின பக்கத்தை ஹஜ்ரத் கொஞ்சம் சத்தமா வாசிக்கட்டும்" என்றேன். ஹஜ்ரத் மேலிடத்தின் முகத்தைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், எந்தப் பக்கம் கிப்லா என்று தெரியாதவர் மாதிரி, எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. பிறகு வாசித்தார். நின்று தொழும்போது கையைக் கட்டுவதும் உண்டு, தொங்கவிடுவதும் உண்டு, எப்படித் தொழுதாலும் தொழுகை கூடும் என்று இருந்தது. மூடி வைத்துவிட்டு, "இது சரிதான், மாலிகி மத்ஹபுல நிறையப் பேர் அப்படித்தான் தொழுவாங்க, எனக்கு ஓதுற காலத்துலேயே தெரியும்" என்றார். தெரியுமாம். "தெரிஞ்சா அன்னிக்கு மைக் உங்க பக்கத்துலதானே இருந்துச்சு ஹஜ்ரத்" என்று கேட்டேன். அவர் முகம் தொங்கிப்போனது, இருந்தாலும் நான் கேட்டதில் ஒரு எழுத்தைக்கூடத் திருப்பி வாங்கமாட்டேன்.

அப்போதுதான் உன் பெரியத்தா மேசையைத் தட்டினார். "கிதாபுல ஆயிரம் இருக்கும், நம்ம பள்ளில நம்ம வழக்கம்தான்" என்றார். நான் அதற்காகவே காத்துக்கொண்டிருந்த மாதிரி ஆகிவிட்டது. "சரி மச்சான், இது மார்க்கம் இல்ல, வழக்கம்னு உங்க வாயாலேயே சொல்லிட்டீங்க, உங்க வழக்கத்துக்கு நீங்க இருநூறு பேர் வச்சிருக்கீங்க, அவங்க வழக்கத்துக்கு அவர் ஒத்தை ஆளா ரெண்டு கையை மட்டும் கொண்டாந்தாரு, அதைக்கூட உங்களால சும்மா விட முடியல" என்றேன். அவர் அதை விட்டுவிட்டு, பொம்பளைங்க கமிட்டி அறைக்குள்ளே வருவது வழக்கமில்லை என்றார். பார், மறுபடியும் வழக்கம். நான் உள்ளே வரவே இல்லையே, வாசலில்தானே நிற்கிறேன் என்று காலைக் காட்டினேன். தலையாட்டுவதற்கென்றே கமிட்டியில் இருக்கும் பெரியவர் பழக்கதோஷத்தில் எனக்கும் ஒரு தடவை தலையாட்டிவிட்டார். அதற்குள் டீ வந்தது, டீ வந்ததால் கூட்டம் முடிந்தது, தீர்மானம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் தெருமுனை வந்ததும் உன் அத்தா, "அண்ணன் அப்படி முழிச்சு நான் பார்த்ததே இல்ல" என்றார். சந்தோஷமா பயமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஹஜ்ரத் கடைக்கு வந்தார், அக்குளில் ஜமாஅத் பதிவேடு. ஒரு பக்கம் ஜெராக்ஸ் வேண்டும் என்றார். திறந்து பார்த்தால் உன் பெயர், அவள் பெயர், நிக்காஹ் நடந்த தேதி, சாட்சிகள் பெயர், எல்லாம் அவர் கையெழுத்தில். "செக்ரட்டரி கையெழுத்துப் போடமாட்டார், நான் போட்டிருக்கேன், அங்க நடந்த நிக்காஹ் முழுசா நடந்துருச்சு, இங்க எழுதுறது வெறும் குறிப்புதான், ஒரு காப்பி நீங்க வச்சுக்குங்க, பக்கம் காணாமப் போனாலும் போகும்" என்றார். அவரை நான் புழுவுக்கும் கீழாகத்தான் நினைத்திருந்தேன், புழுவும் நகரும்போது கொஞ்சம் தலையைத் தூக்கத்தானே செய்கிறது. நல்ல மெஷினில், கறுப்புக் கோடு விழாமல், மூன்று காப்பி எடுத்தேன். ஒன்று இந்தக் கடிதத்தோடு இருக்கிறது, பத்திரம்.

இன்றைக்கு இரண்டாவது ஜும்ஆ. ஒரு வாரமாக ஊருக்குள் உன் பெரியத்தா என்ன ஓதி வைத்தாரோ, சம்பந்தி முன்வரிசையில் போய் நின்றதும் இரண்டு பக்கமும் ஆள் நகர்ந்து இடைவெளி விட்டார்கள், நடுவில் அந்த நெட்டை மனுஷர் தனியாக, விளக்குக் கம்பம் மாதிரி. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர் முன்னால் வந்தார், நொண்டிக்கொண்டு வந்ததால் யாரென்று பார்த்தால் உன் அத்தா. வந்து வலது பக்க இடைவெளியில் நின்றார். ஹஜ்ரத் திரும்பிப் பார்த்து, "வரிசையில் இடைவெளி இருக்கு, நெருக்கிக்குங்க" என்றார். யாரும் அசையவில்லை. வழக்கமாக ஒரு தடவை சொல்லிவிட்டுத் தக்பீர் கட்டிவிடுவார், இன்று கட்டவில்லை, கிப்லாவைப் பார்த்துத் திரும்பி, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பாமலே இன்னொரு தடவை சொன்னார். இடது பக்க இடைவெளிக்கு அந்தப் புறம் நிற்பது உன் பெரியத்தா, அவர் நகராமல் அது அடைபடாது. மூன்றாவது தடவை ஹஜ்ரத் சொல்லவில்லை, நின்றார். கடைசியில் மேலிடம் ஒரு அடி நகர்ந்தார், இன்னொரு அடி நகர்ந்தார், பெயின்ட் காயாத சுவரில் சாய்கிறவர் மாதிரி தோளைத் தோளோடு வைத்தார். அப்புறம்தான் தக்பீர். சம்பந்தியின் கைகள் தொங்கின, யாரும் தொடவில்லை. தொழுகை முடிந்து உன் பெரியத்தா செருப்பைத் தேடிக்கொண்டு முதல் ஆளாக வெளியே போனார். அவர் திருந்திவிட்டார் என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே, ஒரு அடி நகர்ந்தார், அவ்வளவுதான் எழுத முடியும்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் சந்தோஷக் கடிதமாக இருந்திருக்கும். அஸருக்கு நானும் அந்தம்மாவும் படுக்கையறையில் பக்கத்தில் பக்கத்தில் தொழுதோம், பாதி கட்டின பெட்டி கட்டிலில் கிடந்தது. முடித்ததும் அவர் சிரித்துக்கொண்டே, தன் வலது கையைத் தானே பிடித்து இழுத்து இடது கை மேல் மடக்கி வைத்துக் காட்டினார், காட்டிவிட்டு உன் பெயரைச் சொன்னார். எனக்குப் புரியவில்லை. போனை எடுத்துப் பேசினார், அது அந்தத் துக்கக் குரலில் சொன்னது: என் மகள் இப்போது இப்படித்தான் தொழுகிறாள், உங்கள் மகன் கற்றுக்கொடுத்தான், அவள் முன்பு தொழுததெல்லாம் தவறு என்று சொன்னான், மஞ்சள் துணியும் இப்போது கட்டுவதில்லை, பரவாயில்லை, அவள் அழவில்லை. கேட்காமலே இன்னொரு தடவை சொன்னார், போனும் இன்னொரு தடவை சொன்னது, அவள் அழவில்லை என்று. புகார் மாதிரிச் சொல்லவில்லை, பையன் எவ்வளவு பக்தியாக இருக்கிறான் பார் என்று சம்பந்திக்குச் சம்பந்தி மரியாதை செய்கிற மாதிரிச் சொன்னார். என்னால் இந்தத் தடவை மேலே மின்விசிறியைக் காட்ட முடியவில்லை.

அடப் பாவி. ஊரே சேர்ந்து அவள் அப்பாவின் கையை மடக்கியபோது நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன், அந்த நேரத்தில் நீ அங்கே சத்தமில்லாமல் அவள் கையை மடக்கிக்கொண்டிருந்தாய். உன் பெரியத்தாவுக்காவது ஒரு டைல்ஸ் கடை இருக்கிறது, உனக்கு என்னடா இருக்கிறது, வெல்டிங் செக் பண்ணுகிற ஒரு டார்ச்சும் வாடகை வீடும். அவள் ஏழு வயதிலிருந்து தன் அம்மாவைப் பார்த்துத் தொழுதவள், நீ சுபுஹுக்கு எழுந்திருக்க நான் தண்ணீர் தெளிக்க வேண்டியிருந்தது, அதை மறந்து நீ அவளுக்கு ஹஜ்ரத் ஆகிவிட்டாய். எங்கே கற்றுக்கொண்டாய் என்று அஸரிலிருந்து யோசித்தேன், யோசித்தால் கல்யாணமான முதல் மாதம் போனில், நம்ம வழக்கத்தையெல்லாம் அவளுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடு என்று சொன்னவள் நான்தான். அதற்கும் சரிம்மா என்றுதான் சொன்னாய், வெட்டுவதற்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். வேண்டாத சொல்லை மட்டும் எப்படித்தான் பிள்ளைகள் காதில் போட்டுக்கொள்கிறார்களோ. அதனால் பாதிப் பழி எனக்கு, என் பாதியை நான் அவளிடம் நேரில் கேட்டுத் தீர்த்துக்கொள்வேன், உன் பாதியை நீ தீர். பெரிய பேச்சு எதுவும் பேசாதே, நான் சொன்னது தப்பு, உனக்குத் தெரிந்தபடி தொழு என்று சொல், அவள் கையைக் கட்டினாலும் கட்டட்டும், தொங்கவிட்டாலும் விடட்டும், அது அவளுக்கும் அவளைப் படைத்த ரப்புக்கும் இடையில். நீ உன் முன்னால் இருக்கும் டைல்ஸைப் பார்த்துத் தொழு.

அந்தம்மா பெட்டியில் உனக்கு இரண்டு சட்டை வைத்திருக்கிறேன், கழுத்து அளவு சரியா என்று சொல்லு. மூக்கடைப்புக்கு ஆவி பிடி, மாத்திரையை அள்ளி விழுங்காதே. சம்பந்தியின் வாட்சுக்கு உன் அத்தா புது வார் போட்டுக் கொடுத்தார், அளவு ஒரு துளை பெரிது, அங்கே ஒரு துளை போட்டுக் கொடு. உங்கள் இரண்டு பேர் ஆயுளிலும் வயிற்றிலும் வாசலிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக, ஒருவரைப் பார்த்து ஒருவர் பயப்படாத வீட்டை உங்களுக்குத் தருவானாக, உன் பெரியத்தாவுக்கும் தருவானாக, கேட்டுவைத்தேன், கொடுப்பது அவன் இஷ்டம். ஒன்றே ஒன்று மறக்காதே. இந்தக் கடிதத்தை அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பாஷையில் நீயே வாசித்துச் சொல்ல வேண்டும், ஒரு வரி விடக் கூடாது, உன்னைத் திட்டின இடம் வரும்போது குரலை இறக்கவும் கூடாது. வாசித்தாயா என்று உன்னைக் கேட்கமாட்டேன், அவளைக் கேட்பேன்.

இப்படிக்கு,
அவளுக்கு முதலிலும் உனக்கு அடுத்ததாகவும் துஆ செய்யும்
அம்மா